ஒரு சொட்டு ரத்தமும் ஆறு மணி நேரமும்

பிரசவ அறைக்கு வெளியே காத்திருக்கும் பாட்டிமார், ஆணா பெண்ணா என்பதற்கு முன்பே "குழந்தை அழுதுச்சா?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் பல தலைமுறை அனுபவம் இருக்கிறது. முதல் அழுகையில்தான் நுரையீரல் விரிகிறது. அழத் தாமதமானால், பிறக்கும்போதே ஆக்ஸிஜன் குறைந்துபோயிருக்குமோ என்ற அச்சம் எழுகிறது. ஆக்ஸிஜன் குறைந்தால் அதிகம் பாதிக்கப்படும் உறுப்பு மூளை.

அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் வெர்ஜீனியா அப்கார், 1952-இல் இந்த அச்சத்துக்கு ஓர் அளவுகோல் தந்தார். இதயத்துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் காட்டும் எதிர்வினை, தோலின் நிறம் ஆகிய ஐந்துக்கும் மதிப்பெண் போட்டால் அதிகபட்சம் பத்து வரும். இன்றும் உலகெங்கும் பிரசவ அறைகளில் இந்த மதிப்பெண்தான் எழுதப்படுகிறது. ஆனால், அந்த நிமிடத்தில் குழந்தை எப்படி இருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்லும். மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது அதற்கு எட்டாது.

மூளையில் நடப்பது ஒரே வீச்சில் முடிந்துவிடுவதில்லை. ஆக்ஸிஜன் தடைபட்டதும் சில செல்கள் உடனே சாகின்றன. குழந்தைக்கு மூச்சு திரும்பியதும் மற்றவை தேறிவிட்டதுபோலத் தோன்றும். இந்த அமைதி சில மணி நேரமே நீடிக்கும். பிறகு செல்களின் ஆற்றல் மறுபடியும் சரிகிறது, வலிப்பு வருகிறது, முதலில் இறந்ததைவிட அதிகமான நரம்புச் செல்கள் அடுத்த மூன்று நாட்களில் அழியக்கூடும். இடைப்பட்ட அந்த அமைதிதான் மருத்துவருக்குக் கிடைக்கும் வாய்ப்பு. 2005-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு, குழந்தையின் உடல் வெப்பத்தை 33.5 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறைத்து 72 மணி நேரம் வைத்திருக்கும் குளிர்விப்புச் சிகிச்சை மேலைநாடுகளில் வழக்கத்துக்கு வந்தது. பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் அதைத் தொடங்கிவிட வேண்டும்.

சிக்கல் இங்கேதான். எந்தக் குழந்தையைக் குளிர்விப்பது? மூளைச் சேதத்தைத் தெளிவாகக் காட்டும் எம்.ஆர்.ஐ. படம் பொதுவாகச் சில நாட்கள் கழித்தே எடுக்கப்படுகிறது. அதற்குள் காலம் கடந்துவிடும். முதல் மணி நேரத்தில் லேசான பாதிப்புடன் தெரிந்த குழந்தைக்கு இரவில் வலிப்பு வருவதும் உண்டு. அதனால்தான் ஆய்வாளர்கள் ரத்தத்தில் தேடத் தொடங்கினார்கள்.

வெள்ளத்தில் மிதந்துவரும் ஓலையையும் ஓட்டையும் பார்த்து, மேட்டில் எந்த வீடு இடிந்தது என்று ஊகிக்கலாம். மூளைச் செல் உடையும்போதும் அதற்கே உரிய புரதங்கள் ரத்தத்தில் கலக்கின்றன. நரம்புச் செல்களைத் தாங்கி நிற்கும் ஆஸ்ட்ரோசைட் செல்களுக்கு உருவம் தருவது ஜி.எஃப்.ஏ.பி. என்னும் இழைப் புரதம். யூ.சி.எச்.-எல்1 நரம்புச் செல்லுக்குள் இருப்பது. நியூரோஃபிலமென்ட் லைட் நரம்பின் நீண்ட இழையிலிருந்து வருவது. முதல் இரண்டையும் சேர்த்து அளக்கும் ரத்தப் பரிசோதனைக்கு 2018-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதி தந்தது. தலையில் லேசாக அடிபட்ட பெரியவர்களுக்கு சி.டி. ஸ்கேன் தேவையா என்பதை முடிவுசெய்ய அது உதவுகிறது.

பெரியவர்களுக்கான அளவை அப்படியே சிசுவுக்குப் பொருத்த முடியாது. வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில் இந்தப் புரதங்களின் இயல்பான அளவே வேறு. சேதத்தைக் காட்டும் இத்தகைய ஒவ்வொரு குறிப்பானுக்கும் ஒரு பலவீனமும் இருக்கிறது. நீண்ட காலம் நம்பிக்கை தந்த நியூரான் எனோலேஸ் என்ற புரதம் சிவப்பணுக்களிலும் இருப்பதால், ரத்தம் எடுக்கும்போது அவை உடைந்தாலே அளவு பொய்யாக உயர்ந்துவிடும். எஸ்100பி என்ற புரதம் கொழுப்புத் திசுவிலிருந்தும் வரும். நியூரோஃபிலமென்ட் மெதுவாக, நாட்கணக்கில் ஏறுகிறது. சேதத்தின் ஆழத்தை அறிய உதவினாலும் ஆறு மணி நேரக் கெடுவுக்கு அது உதவாது. மூன்று கிலோ குழந்தையின் உடலில் மொத்தமாக ஓடுவதே சுமார் கால் லிட்டர் ரத்தம் என்பதால், அடிக்கடி குத்தி எடுக்கவும் முடியாது.

தொப்புள்கொடி ரத்தத்தை எடுக்கக் குழந்தையைக் குத்தவே வேண்டியதில்லை. அயர்லாந்தின் கார்க் நகர ஆய்வாளர்கள் அந்த ரத்தத்தில் மைக்ரோ ஆர்.என்.ஏ. துணுக்குகளைத் தேடினார்கள். மூளை பாதிப்புக்கு உள்ளான குழந்தைகளிடம் மிஆர்-374ஏ என்ற துணுக்கு குறைந்திருப்பதை 2015-இல் தெரிவித்தார்கள்.

இந்தத் தேடல் எவ்வளவு அவசரமானது என்பதை, குளிர்விப்புச் சிகிச்சையைச் சோதித்துப் பார்த்த ஹீலிக்ஸ் ஆய்வு காட்டியது. இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய நாடுகளில் ஏழு மருத்துவமனைகளில் 408 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். சென்னையும் அதில் பங்கெடுத்தது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சுதின் தய்யில் தலைமையிலான குழு 2021-இல் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகை உலுக்கியது. குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதம் பேர் இறந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 31 சதவீதம். மேலைநாட்டில் உயிர்காத்த சிகிச்சை இங்கே பலன் தரவில்லை என்பதோடு, மரணத்தையும் கூட்டியது.

ஏன்? ஒரே பெயருள்ள நோய் எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்று நம்பியது தவறாக இருக்கலாம். இத்தாலியக் குழந்தைகளையும் இந்தியக் குழந்தைகளையும் ஒப்பிட்டு, ரத்தத்தில் எந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று அதே குழுவினர் பார்த்தார்கள். 2024-இல் வெளியான அந்த ஆய்வில் இரண்டு தடங்கள் தனித்தனியாகத் தெரிந்தன. இத்தாலியில் ஆக்ஸிஜன் திடீரெனக் கடுமையாகத் தடைபட்டதற்கான அடையாளங்கள். இந்தியக் குழந்தைகளிடமோ விட்டுவிட்டு ஆக்ஸிஜன் குறைந்ததன் சாயல். உறக்கத்தில் மூச்சு தடைபடும் பெரியவர்களின் மரபணுத் தடத்தோடு அது ஒத்துப்போனது. அப்படியானால் பல குழந்தைகளுக்குச் சேதம் கருப்பையிலேயே தொடங்கி, பிரசவ வலியின் ஒவ்வொரு சுருக்கத்திலும் கூடியிருக்கக்கூடும். பிறந்ததிலிருந்து எண்ணும் ஆறு மணி நேரம் அவர்களைப் பொறுத்தவரை முன்பே கடந்துபோயிருக்கும்.

ஆகவே இந்தியா போன்ற நாடுகளின் அரசு மருத்துவமனைகளுக்குத் தேவைப்படும் ரத்தப் பரிசோதனை, சேதம் இருக்கிறதா என்று சொன்னால் மட்டும் போதாது. அது எப்போது தொடங்கியது என்றும் சொல்ல வேண்டும். அதுவும் சில சொட்டுகளில், குழந்தையின் படுக்கையருகிலேயே, ஒரு மணி நேரத்துக்குள்.