தேய்வதற்கென்றே ஒரு பாகம்

காரின் பிரேக் பேட் தேய்ந்து தீர்வதற்காகவே செய்யப்படுகிறது. ஓர் இரும்புத் தகடு, அதன்மேல் அழுத்தி ஒட்டப்பட்ட உராய்வுப் பொருள், அவ்வளவுதான். புதிய பேடில் அந்த உராய்வுப் பொருள் சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அது 3 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. சமதளமான வாசலும், சரியான கருவிகளும், அரை நாள் பொறுமையும் இருந்தால் முதன்முறை செய்பவராலும் இந்த வேலையை முடிக்க முடியும். ஆனால் எந்தப் படியை எதற்காகச் செய்கிறோம் என்பது தெரிந்த பிறகே ஜாக்கியைத் தொட வேண்டும்.

பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி. 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 3 லட்சம் ஜூல். அறை வெப்பத்தில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறக்குறைய இதே ஆற்றல் போதும். காரை நிறுத்தும் சில நொடிகளில் இவ்வளவும் வெப்பமாகி, சக்கரத்தோடு சுழலும் டிஸ்கிலும் அதை அழுத்தும் பேடிலும் இறங்குகிறது. பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்வதால் சுமார் 70 சதவீத வேலையை முன் சக்கரங்களே செய்கின்றன. முன் டிஸ்க் ஒவ்வொன்றும் 5 கிலோ எடை என்று கொண்டால், ஒரே ஒரு நிறுத்தத்தில் அதன் வெப்பநிலை 45 டிகிரி அளவுக்கு உயரும்.

மலைப்பாதையில் இந்தக் கணக்கு அச்சமூட்டும். அதே கார் 1,000 மீட்டர் உயரம் இறங்கினால், 80 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 40 முறை நிறுத்திய அளவு ஆற்றல் வெளியாக வேண்டும். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் முதல் அல்லது இரண்டாவது கியரிலேயே இறங்க வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான். தாழ்ந்த கியரில் எஞ்சின் அந்தச் சுமையில் பெரும்பங்கை ஏற்றுக்கொள்ளும். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் பேட் அளவுக்கு மீறிச் சூடாகி உராய்வை இழந்துவிடும். தேய்ந்து மெலிந்த பேடில் அந்த வெப்பம் இன்னும் எளிதாகப் பின்னால் உள்ள திரவத்தை எட்டும்.

அந்தத் திரவத்தைப் பிரேக் ஆயில் என்றே எல்லோரும் சொல்கிறோம். அது எண்ணெய் அல்ல. பெரும்பாலான கார்களில் உள்ளது கிளைக்கால் வகைத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை அதற்கு உண்டு. டாட் 4 என்ற தர வகைக்குப் புதியதில் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். நீர் கலந்த நிலையில் அது 155 டிகிரி வரை இறங்கலாம். திரவம் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் தோன்றும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்க முடியும். ஆகவே பெடல் தரைவரை போனாலும் வண்டி நிற்காது.

பெடலை மிதிக்கும் விசை டிஸ்கைச் சென்றடைவது பாஸ்கல் விதிப்படி. மூடிய திரவத்தில் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லா இடத்துக்கும் சமமாகப் பரவும். பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் விட்டம் 20 மில்லிமீட்டர், டிஸ்கைக் கவ்விப் பிடிக்கும் கேலிப்பரில் உள்ள பிஸ்டனின் விட்டம் 50 மில்லிமீட்டர் என்றால், பரப்பளவுக் கணக்கில் விசை ஆறேகால் மடங்காகிறது. பிஸ்டன் உள்பக்கப் பேடைத் தள்ளுகிறது. எதிர்விசையில் கேலிப்பர் முழுவதும் பின்னுக்கு நகர்ந்து வெளிப்பக்கப் பேடையும் இழுத்து அழுத்துகிறது. அப்படி நகர்வதற்காகவே இரண்டு சறுக்கு ஊசிகள் இருக்கின்றன.

காலை எடுத்ததும் பேடை விடுவிப்பது எது? பலர் ஸ்பிரிங் என்று நினைப்பார்கள். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ஒரு சதுர வடிவ ரப்பர் வளையமே அதைச் செய்கிறது. பிஸ்டன் முன்னேறும்போது வளையம் அதோடு ஒட்டிக்கொண்டு சற்றே முறுக்கிக்கொள்ளும். அழுத்தம் நின்றதும் பழைய வடிவத்துக்குத் திரும்பி, மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு தூரம் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கும். பேட் தேயத் தேய, பிஸ்டன் அந்த வளையத்தைத் தாண்டி வழுக்கி வந்து புதிய இடத்தில் நின்றுகொள்ளும். யாரும் திருகி இறுக்காமலே பிரேக் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. மொத்த அமைப்பிலும் மிக எளிமையான, மிக அழகான பகுதி இந்த வளையம்தான். பேட் மாற்றும்போது பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டியிருப்பதும், பேட் தேயும்போது பானெட்டுக்குள் இருக்கும் குப்பியில் திரவமட்டம் குறைவதும் இதன் விளைவுகளே.

உராய்வுப் பொருளின் கதை காரின் கதையோடு தொடங்கியது. 1888இல் பெர்த்தா பென்ஸ் தம் கணவர் உருவாக்கிய மோட்டார் வண்டியை மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிச் சென்றபோது மரப் பிரேக் கட்டைகள் தேய்ந்துவிட்டன. வழியில் செருப்புத் தைப்பவரிடம் தோல் பட்டை அடிக்கச் சொன்னார். 1902இல் இங்கிலாந்தில் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்ற ஃபிரெடெரிக் லான்செஸ்டர் செம்பைப் பயன்படுத்தினார். அதன் சத்தம் காதைப் பிளந்தது. பின்னர் வந்த ஆஸ்பெஸ்டாஸ் வெப்பத்தைத் தாங்கியது. ஆனால் அதன் தூசி நுரையீரலைக் கெடுத்தது. இன்றைய பேடுகளில் உலோக இழை, பிசின், கிராஃபைட், பீங்கான் துகள் எனப் பலவும் கலந்திருக்கின்றன. பேட் பெட்டியில் ஆஸ்பெஸ்டாஸ் அற்றது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. எந்தப் பேடானாலும், சக்கரத்தைக் கழற்றியதும் தெரியும் கரும்பொடியை வாயால் ஊதக் கூடாது, காற்றடித்தும் கிளப்பக் கூடாது. முகக்கவசம் அணிந்து, பிரேக் கிளீனர் தெளித்து ஈரமாகத் துடைக்க வேண்டும்.

வேலையைச் சமதளத்தில், முன் சக்கரங்களில் தொடங்கலாம். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைச் சற்றுத் தளர்த்த வேண்டும். பிறகு ஜாக்கி. தூக்கியதும், கையேட்டில் குறிக்கப்பட்ட இடத்தில் ஜாக் ஸ்டாண்ட் கொடுத்தே ஆக வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே; தாங்குவதற்கு அல்ல. கழற்றிய சக்கரத்தை வண்டிக்கடியில் படுக்கப் போடுவது கூடுதல் காப்பு. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கத்தைத் தொட வேண்டும். எந்த கிளிப் எங்கே இருந்தது என்று சந்தேகம் வந்தால் கழற்றாத பக்கத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் பேடுகளை இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். இல்லையேல் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

பல சிறிய கார்களில் கேலிப்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றினால், மேல் ஊசியைக் கீலாகக் கொண்டு அதை மேலே தூக்கிவிடலாம். முழுவதும் கழற்றும் மாடல்களில் கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடக் கூடாது. கம்பியால் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் கட்டிவிட வேண்டும். பழைய பேடுகளை எடுத்ததும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உள்பேட் நன்றாகத் தேய்ந்து, வெளிப்பேட் அப்படியே இருந்தால் சறுக்கு ஊசிகள் இறுகிவிட்டன என்று பொருள். அவற்றை உருவி, துடைத்து, அதற்குரிய சிலிக்கான் கிரீஸ் தடவாமல் புதிய பேட் போட்டால் அதுவும் சீக்கிரமே போய்விடும். டிஸ்கிலும் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் டிஸ்கையும் மாற்ற வேண்டியதுதான்.

பிஸ்டனைத் தள்ளும் முன் குப்பியின் மூடியைத் திறந்து, மட்டம் உயர இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வழிந்தால் அந்தத் திரவம் பெயின்ட்டை அரித்துவிடும். உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பழைய பேடைப் பிஸ்டன்மேல் வைத்து, சி-கிளாம்பால் மெதுவாகத் திருகினால் பிஸ்டன் உள்ளே போகும். பின் சக்கரத்திலும் டிஸ்க் உள்ள கார்களில் பின்பிஸ்டனை எல்லாவற்றிலும் இப்படித் தள்ளக் கூடாது. சிலவற்றில் திருகியே உள்ளே செலுத்த வேண்டும். மின்சார ஹேண்ட்பிரேக் உள்ளவற்றில் சர்வீஸ் நிலைக்கு மாற்ற வேண்டும். முதன்முறை செய்பவர் பின்பக்கத்தை மெக்கானிக்கிடம் விடுவதே சரி.

புதிய பேடின் தேய்க்கும் முகத்தில் கிரீஸோ எண்ணெய்க் கையோ படக் கூடாது. கேலிப்பர் போல்ட்டுகளையும் வீல் நட்டுகளையும் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். குறைவும் ஆபத்து, மிகையும் ஆபத்து.

இந்த வேலையில் மிகவும் ஆபத்தான நிமிடம், எல்லாம் முடிந்து சாவியைப் போடும் நிமிடம். உள்ளே தள்ளிய பிஸ்டன் இன்னும் பேடைத் தொடவில்லை. இப்போது பெடலை மிதித்தால் அது தரைவரை போகும். வண்டியை எடுத்தவர் எதிர்ச் சுவரில்தான் நிறுத்துவார். ஆகவே நகர்த்தும் முன் நின்ற இடத்திலேயே பெடலைப் பலமுறை மிதித்து, அது கெட்டியாக மேலே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு குப்பியின் மட்டத்தைச் சரிபார்த்து மூடியை இறுக்க வேண்டும்.

புதிய பேட் உடனே முழுப் பிடிப்பைத் தராது. டிஸ்கின் மேல் பேடின் பொருள் மெல்லிய படலமாகச் சீராகப் படிய வேண்டும். வண்டிகள் இல்லாத சாலையில் 50 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைப்பதைப் பத்து முறைபோலச் செய்து, நடுவே ஆறவிட வேண்டும். சூடான நிலையில் முழுதாக நிறுத்திப் பெடலை அழுத்திப் பிடித்தால் படலம் ஓரிடத்தில் திட்டாகப் படிந்து, பிறகு பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அதிரும்.

பெடல் பஞ்சுபோல அமிழ்ந்தாலோ, திரவம் கசிந்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுத்தாலோ, செய்த வேலை சரியில்லை. அந்த வண்டியை ஒரு கிலோமீட்டர்கூட ஓட்ட வேண்டாம். மெக்கானிக்கை வீட்டுக்கே வரவழையுங்கள்.