விற்றதில் கிடைத்த லாபம்

பாதி சீசனில் நட்சத்திரங்களைக் கைகழுவிய நியூயார்க் யாங்கீஸ் அணிக்குப் பலன் வந்தது, ஆனால் எதிர்பார்த்த இடத்திலிருந்து அல்ல.

விற்பது நியூயார்க் யாங்கீஸுக்குப் பழக்கமில்லாத காரியம். 27 முறை உலகத் தொடர் பட்டம் வென்ற இந்த அமெரிக்க பேஸ்பால் அணி, மற்றவர்கள் வளர்த்த நட்சத்திரங்களைப் பணத்தைக் கொட்டி வாங்கியே பேர் பெற்றது. 2016 ஜூலையில் எல்லாம் தலைகீழ்.

பேஸ்பால் சீசனில் ஒரு அணிக்கு 162 ஆட்டங்கள். பாதிக்கு மேல் முடிந்திருந்த நிலையில், யாங்கீஸின் வெற்றிகளும் தோல்விகளும் ஏறக்குறைய சமம். வீரர்களை மாற்றிக்கொள்வதற்கான கெடு அந்த ஆண்டு ஆகஸ்ட் 1. பட்டம் வெல்லும் வாய்ப்புள்ள அணி இந்தச் சமயத்தில் வாங்கும். வாய்ப்பில்லாத அணி விற்கும். தலைவலியெல்லாம் இரண்டுங்கெட்டான் அணிக்குத்தான்.

பொது மேலாளர் பிரையன் கேஷ்மன் விற்கும் பக்கம் சாய்ந்தார். கணக்கு எளிமையானது. மணிக்கு 160 கி.மீ.க்கு மேல் வீசும் அரோல்டிஸ் சாப்மனின் ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிகிறது. வைத்திருந்தால் மிஞ்சுவது சில மாத ஆட்டம்தான். அவரை சிகாகோ கப்ஸுக்குக் கொடுத்து, 19 வயது கிளேபர் டோரஸ் உள்பட நால்வரைப் பெற்றார்கள். இன்னொரு பந்து வீச்சாளர் ஆண்ட்ரூ மில்லருக்கு மேலும் இரண்டு ஆண்டு ஒப்பந்தம் பாக்கி. கிளீவ்லாந்து அவரை வாங்கிக்கொண்டு, கிளின்ட் ஃபிரேசியர் உள்பட நான்கு இளைஞர்களைக் கொடுத்தது. 39 வயது கார்லோஸ் பெல்ட்ரான் டெக்ஸாஸ் போனார். பதிலுக்கு மூன்று பந்து வீச்சாளர்கள் வந்தார்கள்.

அடுத்தது அலெக்ஸ் ரோட்ரிக்ஸ். 2017 வரை சம்பளம் தரவேண்டிய அவருக்கு ஆகஸ்ட் 12-ல் விடை கொடுத்தது அணி. மறுநாளே இரண்டு புதுமுகங்கள், டைலர் ஆஸ்டினும் ஏரன் ஜட்ஜும், சந்தித்த முதல் வாய்ப்பிலேயே அடுத்தடுத்து ஹோம் ரன் அடித்தார்கள். உற்சாகம் நீடிக்கவில்லை. அந்த சீசனில் ஜட்ஜ் ஆடிய 84 வாய்ப்புகளில் 42 முறை ஸ்டிரைக் அவுட். இருபது ஹோம் ரன்களை 53 ஆட்டங்களில் விளாசிய கேரி சான்செஸ்தான் ஆறுதல். 84 வெற்றி, 78 தோல்வியோடு சீசன் முடிந்தது.

உலகத் தொடரில் மோதியவை கப்ஸும் கிளீவ்லாந்தும். யாங்கீஸ் விற்ற சாப்மன் ஒரு பக்கம், மில்லர் மறுபக்கம்! 1908-க்குப் பிறகு முதல் முறையாக கப்ஸ் பட்டம் வென்றது. டிசம்பரில் சாப்மன் 8.6 கோடி டாலருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் யாங்கீஸுக்கே திரும்பினார். இரவல் கொடுத்த மாதிரிதான்.

2017-ல் ஜட்ஜ் 52 ஹோம் ரன்கள் அடித்தார். உலகத் தொடருக்கு ஒரே ஒரு வெற்றி குறைவாக அணி நின்றது. இதில் கவனிக்க வேண்டியது, ஜட்ஜ் விற்பனையில் வந்தவர் அல்ல என்பது. 2013-லிருந்தே யாங்கீஸ் வளர்த்துவந்த பிள்ளை. பெல்ட்ரான் ஆடிய வலதுபுற மைதானம் காலியானதும் அவர் அங்கே வந்து நின்றார். வாங்கியவர்களில் டோரஸ் 2018, 2019-ல் ஆல் ஸ்டார் ஆனார். பெரிதும் நம்பப்பட்ட ஃபிரேசியர் நிலைக்கவே இல்லை.

ஆக, விற்றதில் கிடைத்த பெரிய லாபம் காலி இடம்தான். வீட்டுப் பிள்ளைக்கு ஆட இடம் கிடைத்தது. பட்டம் மட்டும் கைகூடவில்லை. 2024-ல் உலகத் தொடர் வரை சென்ற யாங்கீஸ், டாட்ஜர்ஸிடம் தோற்றது.