குறிப்பேட்டில் கணினி நிரல்களுக்கு வண்ணம் ஊட்டும் முறை

மழைமானியின் அளவுகளிலிருந்து சராசரி காண்பதற்கும், மண் பரிசோதனை முடிவுகளை அட்டவணைப்படுத்துவதற்கும் சிறு கணினி நிரல்களைக் கையாளும் கள ஊழியர்கள் இன்று பலர் உளர். மாணவர்க்கு நிரல் எழுதக் கற்பிக்கும் ஆசிரியர்களும் பலர். இவ்விரு சாராரும் தம் நிரல்களை உரிய விளக்கங்களோடு சேர்த்துப் பாதுகாக்கவும் பிறருக்கு அனுப்பவும் வேண்டியவராவர். இதற்கு ஏற்ற எளிய சாதனம் மார்க்டவுன் எனப்படும் எழுத்து முறையாகும். அம்முறையில் எழுதும் குறிப்புகளில் நிரல்களைச் சிதையாமல் வைப்பது எங்ஙனம், அவற்றின் உறுப்புகளுக்கு வண்ணம் ஊட்டுவது எங்ஙனம், அவ்வண்ணத்தால் விளையும் பயன் யாது என்பவற்றை ஈண்டுக் காண்போம்.

மார்க்டவுன் என்பது யாது?

இம்முறையை அமெரிக்காவைச் சேர்ந்த ஜான் குரூபர் 2004ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆரன் ஸ்வார்ட்ஸ் அதன் அமைப்பில் அவருக்குத் துணை நின்றார். சாதாரண எழுத்துக் கோப்பில் சில குறிகளை இடுவதே இதன் அடிப்படை. வரியின் தொடக்கத்தில் # குறியையும் அதனை அடுத்து ஓர் இடைவெளியையும் இட்டால் அவ்வரி தலைப்பாகிறது. ஒரு சொல்லின் இருபுறமும் * குறியை இட்டால் அச்சொல் சாய்வெழுத்தாகிறது. மூலக் கோப்பு வெறும் எழுத்துகளாலேயே ஆனதால், அதனை எக்கணினியிலும் திறந்து படிக்கலாம்.

குறிகளால் நேரும் குழப்பம்

இதே குறிகளுக்கு நிரல் மொழிகளில் வேறு பொருள் உண்டு. பைத்தான் மொழியில் # என்பது விளக்கக் குறிப்பின் தொடக்கம். * என்பது பெருக்கற் குறி. ஆகவே நிரலை வேறுபடுத்திக் காட்டாமல் குறிப்பின் நடுவே எழுதினால் பொருள் கெட்டுவிடும்.

ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் கிடைக்கும் நீர் ஒரு லிட்டராகும். 100 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் பத்தில் எட்டுப் பங்கு தொட்டியைச் சேருமாயின், கணக்கு இவ்வாறு அமையும்:

```
20*100*0.8
```

விடை 1,600 லிட்டர். இவ்வரியை மார்க்டவுன் குறிப்பில் அப்படியே எழுதினால், இரண்டு * குறிகளும் சாய்வெழுத்துக் குறிகளாகக் கொள்ளப்பட்டு மறைந்துவிடும். படிப்பவர் கண்ணுக்குத் தென்படுவது 201000.8 என்னும் எண்ணே! விளக்கக் குறிப்புகள் பெரிய தலைப்புகளாக மாறும். வரிகளின் முன்னுள்ள இடைவெளிகளும் நீங்கும். எவ்வரி எதனுள் அடங்கும் என்பதை அவ்விடைவெளிகளே உணர்த்துவதால், பைத்தான் நிரல் பயனற்றதாகிவிடும்.

வேலியிடும் முறை

தொடக்கத்தில் இக்குறையைப் போக்க ஒவ்வொரு வரியின் முன்னும் நான்கு இடைவெளிகளை விடும் வழி இருந்தது. ஆயினும் நிரல் எம்மொழியினது எனக் கூற அதில் இடமில்லை. பின்னர்த் தோன்றிய வேலி முறை இக்குறையையும் நீக்கியது. 2014இல் வெளியான காமன்மார்க் என்னும் பொது விதித் தொகுப்பிலும் அது இடம்பெற்றுள்ளது. அதனைக் கையாளும் படிகள் வருமாறு:

1. விசைப்பலகையை ஆங்கில நிலைக்கு மாற்றுக. எண் 1 விசைக்கு இடப்புறமுள்ள ` குறியைப் புதிய வரியில் மூன்று முறை இடுக.

2. அதனை ஒட்டியே நிரல் மொழியின் பெயரைச் சிறிய ரோமன் எழுத்துகளில் எழுதுக. பைத்தான், ஆர், எஸ்கியூஎல் போன்றவை இவ்விடத்தில் வரும்.

3. அடுத்த வரி முதல் நிரலை மாற்றமின்றி எழுதுக.

4. இறுதியில் தனி வரியில் மீண்டும் மூன்று ` குறிகளை இட்டு மூடுக.

மூடத் தவறினால், குறிப்பின் எஞ்சிய பகுதி முழுவதும் நிரலாகவே கொள்ளப்படும்.

வண்ணம் தோன்றும் விதம்

மார்க்டவுன் தானே வண்ணம் ஊட்டுவதில்லை. மொழியின் பெயரை மட்டும் அடுத்த கருவிக்கு அறிவிக்கிறது. அக்கருவி நிரலைச் சிறு கூறுகளாகப் பகுத்து, மொழிக்குரிய கட்டளைச் சொல், எண், மேற்கோளுக்குள் அடங்கிய தொடர், விளக்கக் குறிப்பு என இனம் பிரிக்கிறது. பின்னர் ஒவ்வோர் இனத்திற்கும் ஒரு நிறம் அளிக்கிறது. 2006இல் வெளிவந்த பிக்மென்ட்ஸ், 2012இல் வெளிவந்த பிரிசம் ஆகியவை இத்தகைய கருவிகள். ஜூபிட்டர் குறிப்பேட்டிலும் விஷுவல் ஸ்டூடியோ கோடின் முன்காட்சியிலும் இவ்வசதி உள்ளமைந்தே இருப்பதால், மொழியின் பெயரை எழுதுவதொன்றே போதும். பெயர் எழுதாவிடில் சில கருவிகள் வண்ணமின்றி விட்டுவிடும். வேறு சில தாமே ஊகிக்க முயன்று தவறவும் கூடும்.

பயனும் எல்லையும்

எழுத்துப் பிழையுள்ள கட்டளைச் சொல் தனக்குரிய நிறத்தைப் பெறாது. மேற்கோள் குறியை மூட மறந்த இடத்தில் நிறம் மாறுபட்டுத் தோன்றும். ஆதலால் மாணவர் தம் பிழையைத் தாமே கண்டுகொள்ள வண்ணம் உதவுகிறது. ஆனால் கணக்கின் உண்மைக்கு அது சான்றாகாது. 0.8 என்பதற்குப் பதில் 8 எனத் தவறாக எழுதினாலும், அவ்வெண் அதே நிறத்தில்தான் பொலியும். எனவே நிரலை ஒரு முறையேனும் இயக்கி, கையால் போட்ட கணக்குடன் விடையை ஒப்பிடுதல் இன்றியமையாதது.

நிற வேற்றுமையை உணர இயலாதவர் சிலர் எவ்வகுப்பிலும் இருக்கக்கூடும். கிளை அலுவலகங்களில் அச்சுப்படிகள் பெரும்பாலும் கறுப்பு மையிலேயே எடுக்கப்படுகின்றன. இத்தகையோர் பொருட்டு, தடித்த எழுத்தாலும் சாய்வெழுத்தாலும் வேறுபாடு காட்டும் ஒற்றை நிற அமைப்பைத் தெரிந்தெடுத்தல் நலம். பாண்டாக் என்னும் கோப்பு மாற்றுக் கருவியில் அத்தகைய அமைப்பு உண்டு.

வண்ணம் கண்ணுக்குத் துணை. வேலியோ கணக்கிற்குக் காப்பு. இரண்டையும் ஒருங்கே அளிக்கும் மூன்று குறிகளையும் ஒரு சொல்லையும் இடுவதை வழக்கமாக்கிக் கொண்டால், ஓர் ஊழியர் எழுதிய நிரலைப் பின்வருபவர் எண்ணோ குறியோ சிதையாமல் அவ்வாறே எடுத்தாள இயலும்.