தண்ணீரே பூட்டு!

பூட்டுக்குப் பேர்போன ஊர் திண்டுக்கல். அவ்வூர்ச் சமையலறைகளிலும் ஒரு பூட்டு உண்டு. அது தண்ணீர்ப் பூட்டு!

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் குழாய் வளைந்து செல்கிறதல்லவா? அந்த வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவைத் தடுக்கிறது. லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங், 1775-ல் கழிப்பிடத்துக்காக இத்தகைய வளைகுழாய்க்குக் காப்புரிமை பெற்றார்.

புதுத் தொட்டி வைத்ததும் வீட்டில் துர்நாற்றமா? பினாயிலைக் கொட்டிப் பயனில்லை. குனிந்து பாருங்கள். வளைவே இல்லாமல் குழாய் நேரே சாக்கடைக்குப் போகிறதா? வளைவு வைத்தே தீர வேண்டும். வளைவு இருந்தும் நாற்றமா? குழாய் இறங்கும் தரைத் துவாரத்தைச் சுற்றி ஈரத் துணியை அடையுங்கள். நாற்றம் நின்றால் குற்றவாளி அந்த இடைவெளிதான். ரப்பர் வளையம் போட்டு அடைக்கலாம். தண்ணீர் இறங்கும்போது ‘களக் களக்’ என்கிறதா? வளைவு நீர் உறிஞ்சப்படுகிறது. காற்றுக் குழாய் தேவை.

அழுகிய முட்டை நாற்றத்தை அலட்சியம் செய்யலாகாது. அது ஹைட்ரஜன் சல்பைடு வாயு. தலைவலி, குமட்டல் தரும். மிகுந்தால் உயிருக்கே ஆபத்து.

சித்திரை வெயிலில் வீட்டைப் பூட்டி வெளியூர் போனால் வளைவு நீர் வற்றிவிடும். திரும்பியதும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றுங்கள். எவ்வளவு தண்ணீர்ப் பஞ்சமானாலும் அந்த ஒரு செம்பில் சிக்கனம் வேண்டாம்!