தொடர் நகைச்சுவையில் தொகைக் கதைகள்

செய்யுள் வகை நான்கு என்று தண்டியலங்காரம் கூறும். முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என்பன அவை. இவற்றுள் தொகைநிலைக்கு வகுத்த இலக்கணம் ஊன்றி நோக்கத்தக்கது. பல பாட்டுகளை ஒன்றாகக் கட்டுவதற்கு ஒரு காரணம் வேண்டும் என்பது அதன் கருத்து. பொருள் பற்றித் தொகுக்கலாம். இடம், காலம், தொழில் பற்றித் தொகுக்கலாம். பாவின் வகையும் அடியின் அளவும் பற்றியும் தொகுக்கலாம். பொருளால் தொகுத்ததற்குப் புறநானூற்றையும், இடத்தால் தொகுத்ததற்குக் களவழி நாற்பதையும், காலத்தால் தொகுத்ததற்குக் கார் நாற்பதையும், அளவால் தொகுத்ததற்குக் குறுந்தொகையையும் உரைகாரர் எடுத்துக்காட்டுவர். காரணமின்றிக் கூட்டி வைத்தது குவியலாகுமேயன்றித் தொகையாகாது.

இவ்விலக்கணத்தைக் கொண்டு தொலைக்காட்சிச் சித்திரத்தை அளக்கப் புகுவது சிலர்க்கு நகைப்பைத் தரலாம். ஆயினும் இன்றைய பிள்ளைகளுக்குக் கதை என்றவுடன் நினைவுக்கு வருவது பெரும்பாலும் அசையும் சித்திரமே. கோலா தெர்லாவின் தேயிலைச் சரிவில் வளரும் பிள்ளைக்கும் இது பொருந்தும். கோலாலம்பூரில் வளரும் பிள்ளைக்கும் பொருந்தும். பள்ளிக் கலைவிழாவுக்கு நாடகம் எழுதித் தரும் தமிழாசிரியரும் அப்பிள்ளைகளின் சுவையறிந்து எழுத வேண்டியவராகிறார். தெரிந்த நகைச்சுவை மாந்தரைப் பழங்கதைக்குள் இறக்கினால் சிரிப்பு தானே வந்துவிடும் என்று நம்பி எழுதிய நாடகங்கள் பல மேடையிலேயே துவண்டு விழுகின்றன. ஏன் விழுகின்றன என்பதை அறிய, இம்முயற்சியை நெடுங்காலம் செய்துவரும் ஒரு தொடரைப் பார்ப்பது நலம்.

அமெரிக்க நாட்டில் 'தி சிம்ப்சன்ஸ்' என்னும் நகைச்சுவைச் சித்திரத் தொடர் 1989ஆம் ஆண்டு டிசம்பரில் அரைமணி நிகழ்ச்சியாகத் தொடங்கியது. மேட் கிரேனிங் என்பார் படைத்த குடும்பம் அது. தந்தை ஹோமர் பெருந்தீனிக்காரர், சோம்பேறி. தாய் மார்ஜ் பொறுமையே வடிவானவள். மகன் பார்ட் குறும்பன். மூத்த மகள் லிசா அறிவுச்சுடர். கைக்குழந்தை மேகி வாய் திறவாள். 750க்கும் மேற்பட்ட பகுதிகள் வந்த பின்னரும் பார்டின் அகவை பத்தைத் தாண்டவில்லை. ஒரு வாரம் வீடு எரிந்தாலும் மறுவாரம் வீடு அப்படியே நிற்கும். இத்தகைய தொடருக்கு இஃது எழுதாச் சட்டம்.

இத்தொடரில் வழக்கமான ஒரு கதைக்கு மாறாக, ஒரே நாளில் மூன்று சிறுகதைகளைக் கூறும் பகுதிகள் உண்டு. இவற்றையே தொகைக் கதைகள் என்கிறோம். மொத்த நேரம் இருபத்திரண்டு நிமிடம் அளவே. எனவே ஒரு கதைக்கு ஏழு நிமிடம் கிட்டுவதே அரிது. இவற்றுள் ஒரு வகை பேய்க்கதை. ஆவிகள் உலவும் நாள் என மேனாட்டார் கொண்டாடும் ஹாலோவீனை ஒட்டி 1990 முதல் ஆண்டுதோறும் வருவது. மற்றொரு வகை, பழம்பெருங் கதைகளிலும் வரலாற்றிலும் சிம்ப்சன் குடும்பத்தாரே வேடம் பூண்டு நடிப்பது. முன்னையது தொடரின் பெருமைகளுள் ஒன்றாகிவிட்டது. பின்னையதைப் பார்த்தவர் பலரும் ஒன்றிரண்டு காட்சிகளை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு ஏனையவற்றை மறந்துவிட்டனர். எழுதுவோரும் வரைவோரும் ஒரே கூட்டத்தார், மாந்தரும் அவரே. பின் வேறுபாடு எங்கிருந்து வந்தது?

முதற் பேய்த்தொகையின் மூன்றாங் கதையைப் பார்ப்போம். எட்கர் ஆலன் போ 1845இல் வெளியிட்ட 'தி ரேவன்' என்னும் அண்டங்காக்கைப் பாட்டே அக்கதை. போவின் சொற்கள் பெரும்பாலும் அப்படியே ஓதப்படுகின்றன. இறந்த காதலியை எண்ணி நள்ளிரவில் வருந்தும் தலைவனாக ஹோமர். அறைக்குள் புகுந்து அவனை வாட்டும் காக்கையாக மகன் பார்ட். அவ்வளவே மாற்றம். ஆனால் மகன் தந்தையைச் சீண்டுவதும், தந்தை பொறுமையிழந்து பாய்வதும் அத்தொடரின் நாடித்துடிப்பு என்பதை எவரும் அறிவர். போவின் துயரப் பாட்டில் உள்ள உறவும் சிம்ப்சன் வீட்டில் உள்ள உறவும் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்தி நிற்கின்றன. அதனாற்றான் ஒரு சொல்லும் மாறாமலே பாட்டு நகைச்சுவையாகிறது. வேடம் பொருந்துவது என்பது இதுதான்.

இன்னும் சிறந்தது 1993ஆம் ஆண்டுத் தொகையில் உள்ளது. ஒரு டோனட்டுக்காக ஆன்மாவையே விற்பேன் என்கிறார் ஹோமர். உடனே சாத்தான் தோன்றுகிறான். அவன் யார்? அடுத்த வீட்டில் வாழும் பரம பக்தரான நெட் பிளாண்டர்ஸ்! ஆன்மாவைச் சாத்தானுக்கு விற்கும் கதை ஐரோப்பாவில் மிகப் பழையது. அக்கதை மாந்தர் கேட்டவை அறிவும் செல்வமும். ஹோமர் கேட்பது தின்பண்டம். தின்று முடித்தால்தான் ஒப்பந்தம் முற்றும் என்பதறிந்து கடைசித் துண்டை விட்டுவைக்கிறார். நள்ளிரவில் பசி எழ, அதையும் தின்றுவிடுகிறார். நரகில் அவருக்குத் தண்டனையாக உலகத்து டோனட்டுகளையெல்லாம் ஊட்டுகிறார்கள். அவரோ இன்னும் கேட்கிறார். கதையின் ஒவ்வொரு திருப்பத்தையும் அவர் வயிறே நடத்துகிறது. சாத்தான் கதையை எடுத்து ஹோமருக்கு உடுத்தினார்கள் என்று சொல்ல வழியில்லை. ஹோமரின் குணம் சாத்தான் கதையை விழுங்கிவிட்டது.

இனி 2002ஆம் ஆண்டில் வந்த ஒரு தொகையைக் காண்போம். நூல்நிலையத்துக்குத் திருப்பித் தர மறந்த பழம் புத்தகம் ஒன்று ஹோமர் கையில் அகப்படுகிறது. அதிலுள்ள கதைகளை வீட்டாருக்கு வாசிக்கிறார். முதற்கதை கிரேக்கக் காப்பியமாகிய ஒடிசி. இருபத்துநான்கு காண்டங்கள் கொண்ட காப்பியம் ஏழு நிமிடத்தில் ஓடுகிறது. மரக்குதிரை, கடற்பயணம், மயக்கும் பாடல், வீடு திரும்புதல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு துணுக்கு, உடனே அடுத்தது. ஒரே ஓரிடத்தில் கதை மூச்சு விடுகிறது. மாயக்காரி ஒருத்தி கப்பல் வீரர்களைப் பன்றிகளாக மாற்றுகிறாள். மூலக் காப்பியத் தலைவன் அவர்களை மீட்பான், ஹோமரோ தின்றுவிடுகிறார். அங்கே நாம் சிரிப்பது, வேடத்துக்குள்ளிருந்து அந்த மனிதர் எட்டிப் பார்ப்பதால். ஏனைய இடங்களில் கிரேக்க உடை அணிந்த ஒரு தடித்த மனிதரைக் காண்கிறோமே தவிர ஹோமரைக் காணவில்லை.

இவ்வகையில் நேரம் குறைவென்பது சாக்காகாது. 1999இல் வந்த விவிலியத் தொகையில் சாலமோன் மன்னராக ஹோமர் தோன்றும் பகுதி மிகச் சிறியது. ஒரு பணியாரத்துக்காக இருவர் வழக்காடுகின்றனர். ஒரு குழந்தைக்கு இரு தாயர் வழக்காடிய பழங்கதையும், நம் மரியாதை இராமன் தீர்ப்புகளும் நினைவுக்கு வர, நாம் நுட்பமான தீர்ப்பை எதிர்நோக்குகிறோம். மன்னரோ இருவருக்கும் மரண தண்டனை விதித்துப் பணியாரத்தைத் தாமே உண்கிறார். முடிந்தது. அத்தொகையில் நான் பெரிதும் மதிப்பது இச்சிறு துண்டையே.

பேய்க்கதைகளுக்கு வேறொரு நன்மையும் உண்டு. மேலே சொன்ன எழுதாச் சட்டம் அவற்றில் செல்லாது. இங்கே ஹோமர் இறக்கலாம், ஊரே அழியலாம், அடுத்த கதையில் எல்லாரும் எழுந்து வரலாம். வழக்கமான பகுதியில் இயலாத ஒன்று இதில் இயலுகிறது. அதைக் காணவே மக்கள் ஆண்டு முழுதும் காத்திருக்கின்றனர். பழங்கதை வேடங்களிலோ இவ்வுரிமை பாதியே கிட்டுகிறது. மூலக்கதையின் முடிவு முன்னமே எல்லார்க்கும் தெரியும். அதைத் தொடவும் அஞ்சுகிறார்கள், தொடாமலிருக்கவும் இயலவில்லை.

தொகுத்த காரணத்தையும் நோக்குக. முதல் நான்கு ஆண்டுகளில் பேய்க்கதைகளுக்கு ஒரு சட்டகக் கதை இருந்தது. மரவீட்டில் பிள்ளைகள் கதை சொல்வர். மறைந்து கேட்ட தந்தைதான் உறக்கமின்றி நடுங்குவார். மறு ஆண்டு இனிப்பு மிகுதியாகத் தின்றவர்கள் காணும் தீக்கனாக்கள். பின்னர்ச் சட்டகம் கைவிடப்பட்டது. ஆயினும் தொகை சிதறவில்லை. ஏனெனில் ஹாலோவீன் என்னும் காலமே அவற்றைக் கட்டி நிற்கிறது, கார்காலம் நாற்பது பாட்டைக் கட்டியதுபோல. இடத்தால் தொகுத்ததற்கும் சான்று உண்டு. 1996இல் வந்த ஒரு பகுதியில் ஸ்பிரிங்பீல்டு என்னும் அவ்வூர் மக்களின் சிறு சிறு நிகழ்ச்சிகள் ஒன்றிலிருந்து ஒன்றாய்ச் செல்கின்றன. அதில் எவரும் வேடம் பூணவில்லை. பள்ளி முதல்வர் ஸ்கின்னர் தம் மேலதிகாரியை விருந்துக்கு அழைக்கிறார், இறைச்சி கருகிவிடுகிறது, பக்கத்துக் கடையில் பர்கர் வாங்கி வந்து தாமே சமைத்ததாகச் சொல்கிறார். சமையலறை தீப்பற்றி எரிய, அது வடதுருவ ஒளி என்கிறார்! மேலதிகாரியின் வருகையை எதிர்நோக்கிய ஆசிரியர் எவர்க்கும் அச்சிரிப்பின் வேர் விளங்கும். மூன்று நிமிடமும் நிரம்பாத இக்கதையை உலகெங்கும் இளைஞர் இன்றும் திரும்பத் திரும்பப் பார்க்கின்றனர். ஆனால் 2002ஆம் ஆண்டுத் தொகையைக் கட்டிய கயிறு என்ன? எல்லாம் ஒரே புத்தகத்தில் இருந்தன என்பதுதான். அது வலிய கயிறன்று.

எனினும் அத்தொகையிலும் சட்டகம் ஒருமுறை உயிர் பெறுகிறது. லிசா ஏற்ற வேடம், தீயிலிட்டுக் கொல்லப்பட்ட பிரெஞ்சு வீராங்கனை ஜோன். முடிவைக் கேட்டு மகள் திகைப்பதைக் கண்ட தாய் மார்ஜ், ஒரு வீரன் குதிரையேறி வந்து அவளைக் காத்தான் என்று தானே ஒரு முடிவைச் சொல்லி, உண்மை அச்சிட்ட தாளைக் கிழித்து வாயிலிட்டு மென்றுவிடுகிறாள். கதை கேட்பவர்க்கும் சொல்பவர்க்கும் இடையே ஏதோ நிகழ வேண்டும். அப்போதுதான் சட்டகம் சட்டகமாகும்.

இதனை நம்மவர் நெடுங்காலமாக அறிவர். வேதாளக் கதைகளைப் பாருங்கள். பிணத்தைச் சுமந்து செல்லும் விக்கிரமாதித்தன் விடை தெரிந்தும் பேசாதிருந்தால் தலை வெடிக்கும். பேசினால் வேதாளம் மரத்துக்குத் திரும்பும். ஒவ்வொரு கதையின் முடிவும் அவனை மாட்டிவிடுகிறது. வடமொழியில் இருபத்தைந்தாக இருந்த கதைகள், 1947இல் தோன்றிய 'அம்புலிமாமா'வில் அந்த எண்ணிக்கையைப் பன்மடங்கு கடந்து சென்றன. புதுக்கதைகள் எத்தனை வந்தாலும் அச்சட்டகம் தாங்கிற்று. தோளில் பிணமும் கையில் வாளுமாக ஓவியர் சங்கர் வரைந்த மன்னன் உருவம் அதற்குக் கொடியாயிற்று. இக்கதைகளைச் சட்டகத்தினின்று உரித்து, தனிக்கதையாக்கி, இறுதியில் ஒரு நீதியை ஒட்டி மாணவர்க்குத் தருவோர் உளர். பாதிக் கதையைத்தான் அவர்கள் தருகிறார்கள் என்பேன்.

வேடத்தைப் பற்றியும் நம் மரபு ஒரு முடிவு கண்டிருக்கிறது. தமிழ்நாட்டின் தென்கோடியில் நிகழ்ந்துவரும் தோற்பாவைக்கூத்து, விளக்கொளியில் தோல்பாவைகளை ஆட்டும் கலை. அசையும் சித்திரத்துக்குப் பாட்டன் முறை. அதில் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்னும் இரு கோமாளிகள் இராமாயணத்தினிடையே புகுந்து பேசுவர். இம்மலேசிய மண்ணில் கிளந்தான் நிழற்கூத்தில் பாக் டோகோல், வா லோங் என்போர் இராமன் கதையில் அவ்வாறே வருவர். இக்கோமாளிகள் இராமன் வேடம் பூணுவதில்லை; காப்பியத்தின் அருகே நிற்கின்றனர். அருகே நிற்பவன் கதையைத் திருப்ப வேண்டியதில்லை. அதைப் பார்த்துப் பேசினால் போதும். தலைவனின் உடைக்குள்ளேயே புகுந்துவிட்டவனோ கதையைத் திருப்பியே ஆக வேண்டும். இல்லையேல் அவன் கோமாளியுமாகான், தலைவனுமாகான். சிம்ப்சன் தொகைகளில் தளர்ந்தவை பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் இடையே நின்றவையே. பேய்க்கதைகளும் இதற்கு விலக்கல்ல. 2011இல் 'அவதார்' திரைப்படத்தை ஒட்டி ஒரு கதை செய்தனர். படத்தை அறிந்தவர் அடையாளம் கண்டு புன்னகைக்கலாம், அதற்குமேல் அங்கே ஒன்றுமில்லை.

கலைவிழா நாடகத்துக்கு வருவோம். வீரமாமுனிவரின் பரமார்த்த குருவையும் அவர் சீடர் ஐவரையும் அறியாத தமிழ் மாணவர் இலர். மட்டி, மடையன், பேதை, மூடன், மிலேச்சன் என்னும் இவ்வைவரை இராமாயணத்துக்குள் அனுப்ப ஓர் ஆசிரியர் விரும்புகிறார் என்று கொள்வோம். அனுமனுக்குரிய வால் கட்டி, அனுமன் சொன்னவற்றையே கொச்சையாகச் சொல்லவைத்தால் முதல் மணித்துளியில் சிரிப்பு எழும், இரண்டாவதில் அடங்கும். அவர்கள் குணத்தை விட்டுப் பாருங்கள். சீதையைத் தேடித் தென்கடற்கரை சேர்ந்த ஐவரும் உடனே தாவமாட்டார்கள். கடல் விழித்திருக்கிறதா உறங்குகிறதா என்றறியக் கொள்ளிக்கட்டையை நீரில் நீட்டுவார்கள். அது 'சுர்' என்று சீறவே, கடல் விழித்திருக்கிறது என்று அஞ்சிக் கரையில் படுத்துவிடுவார்கள். பொழுது சாய்ந்தபின் அவிந்த அதே கட்டையை நீட்ட, ஓசையில்லை, கடல் உறங்கிற்று! எப்படியோ இலங்கைக் கரையேறித் தம்மை எண்ணுவார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் நால்வரே இருப்பர். சீதையைத் தேட வந்தவர்கள், காணாமற்போன ஐந்தாமவனைத் தேடி அசோகவனத்துக்குள் நுழைவார்கள்.