வெளிச்செல்லும் மடலுக்கு ஓர் அத்தாட்சி

மடல்கள் வந்து சேருகின்றன. நாம் அனுப்பும் மடல் மட்டும் போக மறுக்கின்றது. எங்கள் மதுரங்குளியிலும் புத்தளம் கரையோரத்தின் அயற் கிராமங்களிலும், பாடசாலைக் கந்தோர்களிலும் இறால் வளர்ப்போர் வீடுகளிலும், கணினியின் முன் அமர்வோரிடம் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. பரீட்சை விண்ணப்பம் ஒன்றை இறுதி நாளன்று அனுப்பிவிட்டோம் என்று எண்ணிக் கணினியை மூடிச் செல்கின்றனர். விண்ணப்பமோ ‘அவுட்பொக்ஸ்’ என்னும் பெட்டியிலேயே கிடக்கின்றது. ஒரு மாணவனின் ஓராண்டு அப்பெட்டிக்குள் அகப்பட்டுவிடுதலும் கூடும். “கடவுச்சொல் சரிதானே, மடல்கள் வருகின்றனவே!” என்று வியக்கின்றனர். மடல் வரும் வழி வேறு, போகும் வழி வேறு என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லவில்லை.

இதனை விளங்கிக்கொள்ளத் தபாற் கந்தோரை ஒரு கணம் மனத்திற் கொள்வோம். அங்கே சிலர் பணங் கட்டித் தனிப் பெட்டி வைத்திருப்பர். திறவுகோல் உடையவரே அதைத் திறந்து தமது கடிதங்களை எடுக்கலாம். ஆனால் வீதியோரத்துச் சிவப்புப் பெட்டியிற் கடிதம் இடுவோரை “நீர் யார்?” என்று வினவுவார் இல்லை. உறையின் பின்புறத்திலே கந்தன் தன்னைக் கபீர் என்று எழுதினாலும் கடிதம் போய்ச் சேரும். மின்னஞ்சலும் இவ்வாறே அமைந்தது. வந்த மடல்களை எடுப்பதற்குக் கடவுச்சொல் வேண்டியிருந்தது. அனுப்பும் முறையாகிய எஸ்.எம்.ரி.பி.யின் விதிகளை ஜொன் பொஸ்டல் என்னும் அமெரிக்க அறிஞர் 1982 ஆகஸ்ட் மாதத்தில் வெளியிட்டபோது, அனுப்புபவரை யாரெனக் கேட்கும் விதி அவற்றுள் இருக்கவில்லை. அவரைக் குறை கூறுதல் தகாது. அந்நாளில் அவ்வலையில் இணைந்திருந்தவை பெரும்பாலும் பல்கலைக்கழகங்களும் ஆய்வுக்கூடங்களுமே. எனினும், 1978 மே மாதத்திலேயே கணினிக் கம்பனி ஒன்றின் விற்பனையாளர் ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பிப் பலரது சினத்துக்கு ஆளாகியிருந்தார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இலங்கையில் வணிக முறையிலான இணையச் சேவை 1995ஆம் ஆண்டில் தொடங்கியது. தொலைபேசிக் கம்பி வழியே இணைந்த அந்நாளில், உலகெங்குமுள்ள சேவை நிறுவனங்கள் பல கைக்கொண்ட காவல் எளியது. எமது கம்பியில் வருபவர் எமது வாடிக்கையாளர், அவர் மடலை ஏற்போம். பிறர் மடலை ஏலோம் என்பதே அது. இக்காவலும் இன்றிக் கதவைத் திறந்து வைத்திருந்த சேவையகங்களும் உண்டு. விளம்பரக்காரரும் வஞ்சகரும் அவற்றின் வழியே இலட்சக்கணக்கில் மடல்களை அனுப்பினர். அச்சேவையகங்களின் பெயர் கறுப்புப் பட்டியலில் ஏறவே, அவற்றை நம்பியிருந்த நேர்மையாளரின் மடல்களும் மறுக்கப்பட்டன.

கதவை அடைத்த பின்னர் வேறொரு தொல்லை எழுந்தது. ஒரு கம்பனியில் மடற்கணக்கும் மற்றொரு கம்பனியில் இணைப்பும் உடையவர் தமது சொந்த மடலையே அனுப்ப இயலாது தவித்தார். ‘ரிலேயிங் டினைட்’ என்ற மறுமொழியே அவருக்குக் கிட்டியது. இதற்குச் சிலர் கண்ட பரிகாரம் விநோதமானது: முதலில் உமக்கு வந்த மடல்களை எடும், அதற்குக் கடவுச்சொல் தந்தீர் அன்றோ, ஆதலின் அடுத்த சில நிமிடங்களுக்கு உம்மை நம்பி நீர் தரும் மடலையும் ஏற்போம் என்றனர். பின்கதவால் வந்தவருக்கு முன்கதவைச் சற்றே திறந்து விடும் ஏற்பாடு அது. 1999 மார்ச் மாதத்திலேதான், அனுப்பும் வாயிலிலேயே பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும் விதி எழுதப்பட்டது. 2007இல் திருத்தப்பெற்ற அவ்விதியே இன்றும் நடைமுறையில் உள்ளது. காலையிற் பாடசாலையில் ஒரு கம்பனியின் இணைப்பும் மாலையில் வீட்டிலே கைத்தொலைபேசியின் இணைப்புமாக வாழும் நமக்கு இதுவே பொருந்துவது.

இனி, கணினியிற் செய்ய வேண்டியது யாது? தண்டர்பேர்ட் என்னும் மென்பொருளில், கணக்கு அமைப்புகளின் இடப்புறப் பட்டியலில் அடியிலே, ‘அவுட்கோயிங் சேர்வர்’ என்று தனியே ஓர் இடம் உண்டு. அவுட்லுக்கின் பழைய பதிப்புகளில் ‘மோர் செற்றிங்ஸ்’ என்பதனுள் அதே பெயரில் ஒரு பக்கம் திறக்கும். எனது வெளிச்செல் சேவையகம் அத்தாட்சி கோருகின்றது என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரியும், அதன் அருகே சிறு கட்டமும் அங்கே இருக்கும். அக்கட்டத்தில் அடையாளம் இடாது விடுதலே பெரும்பாலான தொல்லைகளுக்குக் காரணம். பயனர் பெயர் என்று கேட்குமிடத்தில் மின்னஞ்சல் முகவரியை முழுமையாக எழுதுக. கடவுச்சொல்லை மாற்றினால் இரு வழிகளிலும் மாற்றுக. தண்டர்பேர்ட் அவற்றைத் தனித்தனியே நினைவில் வைத்துக்கொள்கின்றது.

அடுத்தது ‘போர்ட்’ எனப்படும் வாயில் எண். 25ஆம் எண், சேவையகங்கள் தமக்குள் மடல் பரிமாறும் வாயில். பல கம்பனிகள் அதை வீட்டு இணைப்புகளுக்கு அடைத்து வைத்துள்ளன. நமக்குரியவை 587, 465 என்பன. 587 எனின் ‘ஸ்டார்ட் ரி.எல்.எஸ்.’ என்பதையும், 465 எனின் ‘எஸ்.எஸ்.எல்.’ அல்லது ‘ரி.எல்.எஸ்.’ என்பதையும் தெரிவு செய்க. இது வெறுஞ் சடங்கன்று. சாதாரண முறையில் அனுப்பப்படும் கடவுச்சொல் எழுத்துரு மாறிச் செல்கின்றதே தவிர, மறைந்து செல்வதில்லை. இடைவழியிற் பார்ப்பவர் நொடிப்பொழுதில் அதைப் படித்துவிடலாம். திறவுகோலின் உருவத்தை அஞ்சலட்டையில் வரைந்து அனுப்புவதற்கு அது ஒப்பாகும்.

இவையனைத்தும் சரியாயிருந்தும் 535 என்ற எண்ணுடன் மறுப்பு வருகின்றதா? பெயரோ கடவுச்சொல்லோ ஏற்கப்படவில்லை என்பது அதன் பொருள். 530 எனின், அத்தாட்சியே காட்டப்படவில்லை என்று பெரும்பாலும் கொள்ளலாம். 535 வரும்போது மற்றொன்றையும் நினைவிற் கொள்க. கூகிள் நிறுவனம் 2022 மே மாத இறுதி முதலும், மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது தனிநபர் கணக்குகளுக்கு 2024 செப்டெம்பர் முதலும், கணக்கின் மூலக் கடவுச்சொல்லை மாத்திரம் காட்டி இவ்வாறு நுழைவதை நிறுத்திவிட்டன. இப்போது வேண்டுவது ‘ஓ-ஓத்’ என்னும் முறை. அரசாங்க உத்தியோகத்தருக்குப் புகையிரத ஆணைச்சீட்டு வழங்கப்படுதலை நீங்கள் அறிவீர்கள். கந்தோரின் பணப்பெட்டியை அவர் கையில் கொடுப்பதில்லை. குறித்த பிரயாணத்துக்கு மட்டும் சீட்டு எழுதிக் கொடுப்பர். அதுபோலவே, நீங்கள் கூகிளின் சொந்தப் பக்கத்திற் கடவுச்சொல்லைக் கொடுக்க, அது மென்பொருளுக்கு ஓர் அனுமதிச் சீட்டை வழங்குகின்றது. மூலக் கடவுச்சொல் மென்பொருளிடம் தங்குவதில்லை.

இம்முறையை அறியாத பழைய மென்பொருள்களுக்காக, ஈரடுக்குச் சரிபார்ப்பை ஏற்றுக்கொண்டவருக்குக் கூகிள் 16 எழுத்துகள் கொண்ட ‘அப் பாஸ்வேர்ட்’ ஒன்றைத் தருகின்றது. பலர் புழங்கும் கந்தோர்க் கணினிக்கு ஓ-ஓத் முறையே சிறந்ததெனினும், பழைய மென்பொருளை விட முடியாதவர் இதனைக் கொள்ளலாம். எழுதுவினைஞர் இடமாற்றம் பெற்றுச் செல்லும்போது அந்த ஒன்றை மட்டும் கணக்கிலிருந்து நீக்கிப் புதியவருக்கு வேறொன்று எடுத்துக் கொடுத்தல் ஒரு நிமிட வேலை. அமைப்பு முடிந்ததும் உங்கள் முகவரிக்கே ஒரு மடல் அனுப்பிப் பாருங்கள். அது வந்து சேர்ந்த பின்னர் விண்ணப்பங்களை அனுப்பத் தொடங்கலாம்.