சீரான வேகத்தின் கணக்கு

வண்டியை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் க்ரூஸ் கன்ட்ரோலைக் கண்டுபிடித்தவருக்குக் கண் பார்வை கிடையாது. ரால்ஃப் டீட்டர் 1890-இல் பிறந்தவர். ஊர், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் உள்ள ஹேகர்ஸ்டவுன். ஐந்து வயதில் நேர்ந்த ஒரு விபத்தில் பார்வை போயிற்று. ஆனாலும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படித்து 1912-இல் பட்டம் வாங்கினார். முதல் உலகப் போரின்போது போர்க்கப்பல் டர்பைன்களைச் சமநிலைப்படுத்தும் வேலையில் இருந்தார். மற்ற பொறியாளர்கள் தடுமாறிய அந்த வேலையை அவர் தொடுவுணர்வைக் கொண்டே செய்து முடித்தார். பின்னாளில் பிஸ்டன் ரிங் தயாரித்த பெர்ஃபெக்ட் சர்க்கிள் நிறுவனத்தின் தலைவரானார். 1936-இல் அமெரிக்க மோட்டார் வாகனப் பொறியாளர் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார்.

அவருடைய வக்கீல் ஹாரி லிண்ட்சே அவரைக் காரில் அழைத்துப் போவது வழக்கம். லிண்ட்சே பேசும்போது வண்டியின் வேகம் குறையும். மற்றவர் பேசுவதைக் கேட்கும்போது வேகம் கூடும். பக்கத்து சீட்டில் இருந்த டீட்டரின் உடம்பு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே வரும். ரோட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டு வருபவருக்கு இந்த ஆட்டம் பாதிகூடத் தெரியாது. டீட்டருக்கோ பயணம் என்றாலே அந்த ஆட்டம்தான். அப்போது இரண்டாம் உலகப் போர்க் காலம். ரப்பரையும் பெட்ரோலையும் மிச்சப்படுத்துவதற்காக அமெரிக்க அரசு மணிக்கு 35 மைல், அதாவது சுமார் 56 கிலோமீட்டர், என்று வேக வரம்பு வைத்திருந்தது. வண்டியை ஒரே வேகத்தில் பிடித்து வைக்கும் கருவி ஒன்று வேண்டும் என்று டீட்டர் முடிவு செய்தார். காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1950-இல் அது கிடைத்தது.

அவருடைய முதல் கருவி வண்டியைத் தானாக ஓட்டவில்லை. ஓட்டுபவர் ஒரு வேகத்தைக் குறித்து வைப்பார். வண்டி அந்த வேகத்தைத் தொட்டதும் ஆக்ஸிலரேட்டர் பெடல் காலை எதிர்த்துத் தள்ளும். இன்ஜினிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் வேகத்தை கவர்னர் என்ற வேகக் கட்டுப்பாட்டு உறுப்பு அளந்துகொண்டே இருக்கும். ஜேம்ஸ் வாட் 1788-இல் நீராவி இன்ஜினில் வைத்த சுழலும் குண்டுகளின் வழிவந்த கருவி இது. கால் இல்லாமலே வேகத்தைப் பூட்டி வைக்கும் வசதி பிறகு சேர்ந்தது. 1958-இல் கிரைஸ்லர் நிறுவனம் தன் உயர்ரகக் கார்களில் இதைக் கொண்டுவந்தது. முதலில் பணக்காரர்களின் சொகுசாக இருந்தது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியபோதும், அடுத்த ஆண்டு அமெரிக்கா முழுவதும் 55 மைல் வரம்பு வந்தபோதும் இதன் மதிப்பு பலருக்குப் புரிந்தது.

இன்று இந்தக் கருவிக்குத் தனி உறுப்பே தேவையில்லை என்று சொல்லலாம். ஆக்ஸிலரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருந்த கேபிள் போய், மின்சார சிக்னல் வந்துவிட்டது. சக்கரத்தின் வேகத்தை அளக்கும் சென்சாரும் எல்லா வண்டியிலும் இருக்கிறது. மிச்சம் சில வரி மென்பொருளும் ஸ்டியரிங்கில் இரண்டு மூன்று பொத்தான்களும்தான். அதனால்தான் சிறிய கார்களில்கூட இப்போது இது கிடைக்கிறது. ஓசூரில் ஆலை வைத்திருக்கும் டி.வி.எஸ். 2023-இல் அறிமுகம் செய்த அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310 பைக்கிலும் உண்டு.

அந்தச் சில வரிகளுக்குள் நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர் என்று செட் செய்திருக்கிறோம். வண்டி ஒரு மேம்பாலத்தில் ஏறுகிறது, வேகம் 88 ஆகிறது. இரண்டு கிலோமீட்டர் குறைகிறதே என்று கணினி, இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டிலைக் கொஞ்சம் திறக்கிறது. இந்த ஒரு விதி மட்டும் இருந்தால் வண்டி 90-க்குத் திரும்பவே திரும்பாது. ஏற்றத்தில் போகக் கூடுதல் த்ராட்டில் வேண்டும். குறை இருந்தால்தான் கூடுதல் த்ராட்டில் கிடைக்கும். ஆக, குறை நீடித்துக்கொண்டே இருக்க வேண்டும். வண்டி 88-லோ 89-லோ தங்கிவிடும். இதைத் தீர்க்க இரண்டாவது விதி ஒன்று இருக்கிறது. குறை எவ்வளவு நேரமாக நீடிக்கிறது என்று கணினி கூட்டிக்கொண்டே வருகிறது. அந்தக் கூட்டுத்தொகைக்கு ஏற்பவும் த்ராட்டில் திறக்கிறது. குறை மறைந்த பிறகும் அந்தத் தொகை கையில் இருப்பதால் ஏற்றத்திலேயே 90 நிலைக்கிறது. வேகம் எந்த விகிதத்தில் மாறுகிறது என்று பார்த்து முன்கூட்டியே அடக்குவது மூன்றாவது விதி. பாய்லர் வெப்பத்தையும் கப்பலின் திசையையும் கட்டுப்படுத்துவது இதே மூன்று விதிகள்தான்.

சரி, பெட்ரோல் மிச்சமாகுமா? இதில் மிகைப்படுத்திப் பேசுபவர்கள் அதிகம். கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

நெடுஞ்சாலையில் 100-ஐ ஒட்டிப் போகும் காருக்கு முதல் எதிரி காற்று. இன்ஜின் செய்யும் வேலையில் பாதிக்கு மேல் காற்றைத் தள்ளுவதற்கே போகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். அதை எதிர்க்கத் தேவையான திறன் வேகத்தின் கனமாக ஏறும். ஒருவர் ஒரு மணி நேரம் 100-லேயே போகிறார். இன்னொருவர் அரை மணி நேரம் 80-லும் அரை மணி நேரம் 120-லும் போகிறார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஊர்போய்ச் சேருவார்கள். ஆனால் இரண்டாமவர் காற்றுக்குக் கொடுத்தது 12 சதவீதம் அதிகம். அவ்வளவு ஆட்டம் போடாமல் 90-க்கும் 110-க்கும் நடுவே ஆடினால் இந்த நஷ்டம் வெறும் 3 சதவீதம். ஆகவே, ஓரளவு நிதானமாக ஓட்டுபவருக்கு இந்த வகையில் கிடைக்கும் லாபம் சொற்பம்தான்.

பெரிய லாபம் வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று, பிரேக். 1,200 கிலோ எடையுள்ள கார் 120-லிருந்து பிரேக் பிடித்து 80-க்கு இறங்கினால், சுமார் 370 கிலோஜூல் ஆற்றல் பிரேக் டிஸ்க்கில் சூடாகி வீணாகிறது. பெட்ரோலில் உள்ள ஆற்றலில் ஏறக்குறைய கால் பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும் என்று வைத்தால், இழந்த வேகத்தைத் திரும்பப் பெற 40 மில்லிக்கு மேல் பெட்ரோல் வேண்டும். டீக்கடை கிளாஸில் கிட்டத்தட்டப் பாதி. வெறிகொண்டு முந்துவதும், முன்னால் போகும் லாரியின் பின்னால் போய் பிரேக் அடிப்பதும் ஒவ்வொரு முறையும் இந்த அரை கிளாஸைக் கீழே கொட்டுவதுதான்.

மற்றொன்று, நமக்கே தெரியாமல் ஏறும் வேகம். ஒரு மணி நேரம் 110-இல் போனவருக்கு 90 என்பது ஊர்வதுபோல் தோன்றும். கண்ணும் மூளையும் வேகத்துக்குப் பழகிவிடுவதால் வரும் மயக்கம் இது. 95-இல் போகலாம் என்று கிளம்பியவர் மூன்றாவது டோல்கேட் தாண்டும்போது 115-இல் இருப்பார். க்ரூஸ் கன்ட்ரோலுக்கு இந்த மயக்கம் இல்லை. என் மதிப்பீட்டில் அதன் முதன்மையான பயன் இதுதான். நாம் தெளிவாக இருக்கும்போது எடுத்த முடிவை அது கடைசிவரை காப்பாற்றுகிறது. அந்த முடிவு நல்ல முடிவாக இருக்க வேண்டும் என்பது முக்கியம். 100-க்குப் பதில் 90 என்று செட் செய்தால் காற்றின் எதிர்ப்பு 19 சதவீதம் குறையும். 300 கிலோமீட்டர் பயணத்தில் அதற்குக் கொடுக்கும் விலை 20 நிமிடம். 120 என்று செட் செய்துவிட்டு மைலேஜை எதிர்பார்த்தால் எந்தக் கருவியும் உதவாது.

ஏற்ற இறக்கமான சாலையில் தேர்ந்த ஓட்டுநரின் கால் சாதாரண க்ரூஸ் கன்ட்ரோலை ஜெயித்துவிடும். உச்சி தெரிந்தவுடன் அவர் காலைத் தளர்த்துவார், இறக்கம் வேகத்தைத் திருப்பித் தரும் என்று அவருக்குத் தெரியும். கருவிக்கு உச்சி தெரியாது. கடைசி மீட்டர் வரை இன்ஜினை முறுக்கி, அடுத்த நொடி இறக்கத்தில் விடும். ஐரோப்பாவில் ஸ்கானியா, மெர்சிடிஸ் போன்ற நிறுவனங்கள் 40 டன் லாரிகளில் ஜி.பி.எஸ்.ஸையும் சாலையின் ஏற்ற இறக்க வரைபடத்தையும் இணைத்து, கருவிக்கே அந்த முன்னறிவைக் கொடுத்திருக்கின்றன.

உடம்புக்குக் கிடைக்கும் ஓய்வு எல்லோருக்கும் தெரிந்ததே. ஆக்ஸிலரேட்டரை ஒரே கோணத்தில் மணிக்கணக்கில் பிடித்திருக்கும்போது கணுக்காலும் கெண்டைக்காலும் அசையாமல் இறுகி நிற்கின்றன. நடப்பதைவிட அப்படி நிற்பது தசைக்குச் சோர்வு. அந்தச் சுமை போய்விடுகிறது.

இதுவரை சொன்னது காலியான சாலையில் போகும் ஒற்றைக் காரின் கதை. சாலை நிறைந்தால் விஷயம் மாறுகிறது. டீட்டர் ஒரு காருக்குள் உணர்ந்த ஆட்டம் பல கார்களுக்கு ஒரே அலையாகப் பரவும். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தின் யூகி சுகியாமாவும் சகாக்களும் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களைச் சம இடைவெளியில் நிறுத்தி, மணிக்கு 30 கிலோமீட்டரில் ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, குறுக்கே வருபவர் இல்லை, பள்ளம் இல்லை. கொஞ்ச நேரம்தான். யாரோ ஒருவர் லேசாக வேகம் குறைக்க, பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் கூடுதலாகக் குறைக்க, சில கார்கள் முழுதாக நின்றே போயின. அந்த நெரிசல் கார்கள் போகும் திசைக்கு எதிராக, மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் நகர்ந்தது. 2008-இல் வெளியான இந்த ஆய்வு, காரணமே இல்லாமல் உண்டாகும் நெரிசலைக் கண்முன் காட்டியது.

அப்படியானால் ஒரே ஒரு கார் நிதானமாக இருந்தால்? அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகரில் இதையும் செய்து பார்த்தார்கள். வட்டத்தில் ஓடிய 20 சொச்சம் கார்களில் ஒன்றை மட்டும் கணினி ஓட்டியது. அது முன்காரை விரட்டாமல் சராசரி வேகத்தைப் பிடித்துக்கொண்டது. அலை அடங்கியது. எல்லாக் கார்களுக்கும் சேர்த்து எரிபொருள் செலவு 40 சதவீதம் வரை குறைந்தது. 2022 நவம்பரில் நாஷ்வில் அருகே ஐ-24 நெடுஞ்சாலையில், நிஜமான காலை நெரிசலுக்குள், மாற்றியமைத்த க்ரூஸ் கன்ட்ரோல் கொண்ட 100 கார்களை ஓட்டிச் சோதித்தார்கள்.

கடையில் கிடைக்கும் கார்கள் அந்த நிலைக்கு இன்னும் வரவில்லை. முன்னால் போகும் வண்டியை ரேடாரில் பார்த்துத் தானே வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் க்ரூஸ் கன்ட்ரோல், 1990-களின் கடைசியில் மெர்சிடிஸ் எஸ் கிளாஸ் காரில் வந்து இன்று பரவலாகிவிட்டது. அமெரிக்க ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட 7 மாடல்களைச் சோதித்தபோது, ஏழுமே முன்காரின் ஆட்டத்தை அடக்கவில்லை. பின்னால் வருபவர்களுக்கு அதைப் பெரிதாக்கியே அனுப்பின. காரணம், தாமதம். முன்கார் வேகம் குறைத்ததை உணர்ந்து செயல்படுவதற்குள் இடைவெளி சுருங்கிவிடுகிறது. அதை ஈடுகட்டக் கூடுதலாகப் பிரேக் பிடிக்க வேண்டியிருக்கிறது. இடைவெளியைக் கூட்டி வைத்தால் இந்த அவசரம் குறையும். இரண்டு கோடு, மூன்று கோடு என்று இடைவெளியைத் தேர்ந்தெடுக்கும் பொத்தானை நம்மவர்கள் பெரும்பாலும் மிகக் குறைந்ததில் வைக்கிறார்கள், இடையில் யாராவது நுழைந்துவிடுவார்கள் என்று. நுழையட்டும். அதிகபட்ச இடைவெளியே பாதுகாப்புக்கும் சிக்கனத்துக்கும் நல்லது.

சில எச்சரிக்கைகளை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். மழையில் க்ரூஸ் கன்ட்ரோல் போடாதீர்கள். தேங்கிய நீரில் டயர் மிதக்கும்போது செய்ய வேண்டிய முதல் காரியம் ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுப்பது. க்ரூஸில் போகும்போது கால் ஏற்கெனவே அங்கே இல்லை. தூக்கம் வருகிறதா, கண்டிப்பாகப் போடாதீர்கள். காலுக்கு வேலை இல்லாதபோது மூளை சீக்கிரம் மந்தமாகிறது என்பதை ஓட்டுநர் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நேரான நான்குவழிச் சாலையின் பின்மதியத்தில் ஒரு நொடித் தாமதம் போதும், 90-இல் போகும் கார் 25 மீட்டர் கடந்துவிடும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது ஒன்று உண்டு. அடாப்டிவ் க்ரூஸில் பல மாடல்கள் ஓடும் வண்டிகளைத்தான் நம்பகமாகக் கண்டுகொள்ளும். பாலமும் பலகையும் கம்பமும் நின்றபடியே ரேடாருக்குத் தெரிவதால், நிற்கும் பொருள்களை மென்பொருள் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறது. நம் சாலைகளில் இரவு நேரத்தில், பின்விளக்கு எரியாமல், பாதி பாதையை அடைத்து லாரி நிற்கும். அந்த லாரியும் கருவியின் கணக்கில் நிற்கும் பொருள்தான். உங்கள் காரோடு வந்த கையேட்டை எடுத்து, க்ரூஸ் கன்ட்ரோல் எதைப் பார்க்காது என்று எழுதியிருக்கும் பக்கத்தை அடுத்த பயணத்துக்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள். வலது கால் பிரேக்குக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.